பிடுங்கிய வால்வு பின்கள்

செவிலிமேடு பஞ்சர் கடைக்காரரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாலாற்றில் அபூர்வமாக வெள்ளம் வந்த வருடம். பலகையில் நின்றபடியே துடுப்புப் போட்டுக் கடல்வரை போவதென்று நண்பர்கள் மூவர் முடிவு செய்தோம். பலகைகளுக்கு அடியில் பழைய லாரி டியூப்களைக் கட்டி அவர் கடையிலேயே வைத்திருந்தோம். அவருடைய இடது கன்னம் எப்போதும் கரியாக இருக்கும். டியூபைத் தண்ணீரில் முக்கமாட்டார். கன்னத்தருகே சுழற்றி, கசியும் காற்று படுவதை வைத்தே ஓட்டையைக் கண்டுபிடிப்பார்.

கிளம்பும் காலையில் எல்லா டியூபும் சப்பையாகக் கிடந்தன. காற்றைத் தடுத்து நிறுத்தும் வால்வு பின்கள் அவர் சட்டைப்பையில்.

"புத்தி கெட்டுப்போச்சாணா உனக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாதப்பா. மணல் லாரிக்காரனுங்க எங்கெங்க பள்ளம் தோண்டிக்கிறானுங்கன்னு எனக்குத் தெரியும். அங்கல்லாம் தண்ணி சுத்திக்கினு இருக்குது. இழுத்துச்சுன்னா பொணம்கூட கெடைக்காது."

"தெரிஞ்சும் ஏன் இவ்ளோ நாளா வாயத் தொறக்கல?"

அவர் காற்றடிக்கும் பம்ப்பை உள்ளே வைத்துப் பூட்டினார்.

தண்ணீர் வடிந்ததும் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே, நாங்கள் போகவிருந்த வழியில், பனைமர ஆழத்துக்குப் பள்ளம். நன்றி சொல்லத்தான் கடைக்குப் போனேன். வாசலில் மணல் லாரி நின்றது. அதன் டியூபைக் கன்னத்தருகே வைத்து, கண்மூடிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பிடுங்குவதற்கு அந்த லாரியின் வால்வு பின் மட்டும் அவர் கண்ணில் படவேயில்லையா?