லினக்ஸுக்கு ஒரு கேட் பாஸ்

இன்று காலை எங்கள் திருவொற்றியூர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு திருட்டு விசாரணை நடந்தது. இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு மெர்லினை அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் துறைமுக கேட்டில் செக்யூரிட்டி. இன்னொரு கையில் பென் டிரைவ். மெர்லினுக்குக் கண்ணெல்லாம் சிவப்பு.

"டீச்சர், ஸ்கூல் கம்ப்யூட்டர்ல கீற சாப்ட்வேர இதுல ஏத்தி வூட்டுக்கு எட்த்தாந்துகிறா. நான் கேட்ல நின்னு அட்த்தவன் பையத் தொறந்து பாக்குறவன். என் வூட்லயே திருட்டா?"

"ஐயோ அண்ணா, அது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுறது. ஓப்பன் சோர்ஸ். யார் வேணா காப்பி பண்ணலாம், தெருவுக்கே குடுக்கலாம். நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்."

"துட்டு?"

"கிடையாது."

அவர் நம்பவில்லை. "இன்னா டீச்சர், கேட் பாஸ் இல்லாம ஒரு நட்டு கூட வெளிய போவாதே!"

எழுதிக் கொடுத்துவிட்டேன். நிஜமாகவே! பொருள்: லினக்ஸ். அளவு: வேண்டிய மட்டும். கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை.

வாங்கி வரிவரியாகப் படித்தார். "திரும்பி வர்ற சாமானா, வராத சாமானா? அத்த எய்தலியே."

"வர வேணாம். மெர்லின் அதை இன்னும் நல்லா மாத்துனா மட்டும் எங்களுக்கும் ஒரு காப்பி குடுக்கட்டும்."

அதையும் எழுத வைத்தார். அப்புறம்தான் மகள் கையை விட்டார். குரலும் இறங்கியது. "ஏம்மா, நம்ம தோஸ்து வூட்டு கம்ப்யூட்டர் ரொம்ப பேஜார் பண்ணிகினு கீது. அதுலயும் ஏத்திக் குடுப்பியா?"

உங்கள் வீட்டுக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஏற்றுவது மெர்லின். பாஸ் போடுவது நான். செக்கிங் மட்டும் கொஞ்சம் கடுமையாக இருக்கும்.