எழுத்துக் கட்டைகள் நாற்பது

செல்வம்மாளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதித்தான் பழக்கம். ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பால்வாடியில் ஆறு வருஷமாக டீச்சர். வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள்.

எண்பத்தொன்றில் திருமானூர் ஆபீசிலிருந்து விரிவாக்க அலுவலர் இராமலிங்கம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே நாற்பது மரக்கட்டைகள். தாயம் மாதிரி உருட்டி, விழும் எழுத்துகளை வைத்து வார்த்தை கட்டலாம். ஆறு முகத்திலும் ஆறு எழுத்து. மூன்று மாதம் பிள்ளைகளை விளையாட விட்டு, தேறுமா தேறாதா என்று ஒரு பாரத்தில் எழுதித் தர வேண்டும்.

செல்வம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தாள். பிள்ளைகளுக்கு உருட்டுவதில்தான் குஷி. விழுந்த எழுத்தை எவனும் பார்க்கவில்லை. விழுந்ததும் 'ங', 'ஞ' என்றுதான் விழுந்து தொலைத்தது. அதை வைத்து என்ன வார்த்தை கட்டுவது? வட்டமாக உட்கார்ந்தால் எதிரே இருப்பவனுக்கு எழுத்து தலைகீழ். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். எலிக்குப் பயந்து பையைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

உருட்டாத பிள்ளை அவள் மகள் ஆண்டாயி மட்டும்தான். ஏழு வயது, பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டதால் அம்மாவோடு பால்வாடியிலேயே கிடந்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பித் தடவினாள். செல்வம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் 'கல்' என்று அடுக்கினாள். உப்புக்குப் பக்கத்தில் 'உப்பு' என்று அடுக்கினாள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சோற்றில் வாய் வைத்த ஆண்டாயி முகம் சுளித்தாள். எழுந்துபோய்ப் பையைத் துழாவி, மூன்று கட்டைகளைத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். உ, ப், பு. செல்வம்மாள் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு போட மறந்திருந்தாள். பெற்ற மகள் ஏழு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. செல்வம்மாள் வாய்விட்டு அழுதாள்.

அந்தச் சந்தோஷத்திலேயே பாரத்தை நிரப்பினாள். உருட்ட வேண்டாம், எடுத்து அடுக்க விடலாம். காது கேளாத பிள்ளைக்கு மிகவும் பயன் என்று எழுதினாள். சேதம் எத்தனை என்ற இடத்தில் 'இல்லை' என்றாள். ஒரு பயல் கடித்து வைத்த மூலையைக்கூடத் தேய்த்துச் சரி செய்திருந்தாள்.

இராமலிங்கம் படித்துவிட்டு, "பிரமாதம் டீச்சர். பையக் குடுங்க" என்றார்.

"சார், இங்கயே இருக்கட்டுங்களே. எம் பொண்ணு இத வச்சுத்தான் பேசுறா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். "நல்லா இருக்கற சாமான் ஆபீசுக்குத் திரும்பியாகணும்ங்க. சேதம்னு எழுதியிருந்தா கழிவுக் கணக்குல காட்டிட்டு இங்கயே போட்டுட்டுப் போயிருப்பேன். பக்கத்து ஊர்ல மழையில நனைய வுட்டுட்டாங்க, எல்லாம் வெடிச்சுப் போச்சு. அந்தப் பை அங்கயேதான் கெடக்கு. ஒரு புள்ள தொடல."

"இப்ப மாத்தி எழுதித் தரட்டுங்களா சார்?" பிறந்ததிலிருந்து அவள் இப்படிக் கேட்டதில்லை.

"கண்ணால பாத்துட்டேனே டீச்சர்."

எண்ணினார். முப்பத்தொன்பது. குறைந்த ஒன்று ஆண்டாயியின் கைக்குள் இருந்தது. தொலைத்தால் வேலைக்கு ஆபத்து. அதோடு ஒற்றைக் கட்டையை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும்? இறுக்கிப் பிடித்த விரல்களைச் செல்வம்மாளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஆறு மாதம் கழித்து, அறிக்கை நேர்த்தியாக இருந்ததென்று பாராட்டுக் கடிதம் வந்தது. கட்டைகள் வரவே இல்லை. அட்டையில் எழுதி வெட்டிக் கொடுத்துப் பார்த்தாள், ஆண்டாயி தொடவில்லை. ஆனால் செல்வம்மாள் கடைசிவரை மறக்காதது, பை போன அன்றைய சாயங்காலத்தைத்தான்.

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வெறுந்தரையை ஆண்டாயி விரலால் மூன்று இடத்தில் தட்டினாள். செல்வம்மாள் ஓடிப்போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆண்டாயி அதைத் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே மூன்று இடத்தில் தட்டினாள்.