வியாழக்கிழமைச் சிசிலி

போன கிழமை ஒடென்சே ட்ராமில் எனக்கு எதிரே இருந்த பெண் தோடம்பழம் உரித்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறிய நேரம் பார்த்து, தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த விளம்பரமும் கண்ணில் பட்டது. சிசிலி, வழிகாட்டியுடன் ஒருநாள் பயணங்கள், பழமை, கலை, இயற்கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பழத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு வருஷம் வியாழன்தோறும் சிசிலிக்குப் போய் வந்தவன். ஒடென்சே இருக்கும் இந்தப் பியூன் தீவை விட்டு ஒரு அடி வெளியே வைக்காமல்.

டேனிஷ்காரரின் நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் மினிபஸ் ஓட்டும் தற்காலிக வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பேக்கரி வான் ஓட்டியவன், பாண் நசியாமல் ஓட்டுவேன் என்று நேர்முகத்தில் சொல்ல நினைத்தேன். எனக்கிருந்த டேனிஷில் அது ‘வயதானவர்கள் பாண் மாதிரி’ என்று வந்தது. பொறுப்பாளர் லீஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு வேலையைத் தந்தாள்.

வியாழக்கிழமை உலாவுக்கு ஒன்பது பேர் வருவார்கள். பத்தாவது ஆள் இங்கர். இளமையில் டேனிஷ்காரரைச் சிசிலி முழுவதும் கூட்டிக்கொண்டு திரிந்த வழிகாட்டி. பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் மறந்துவிட்டன, சிசிலியில் ஒரு கல்லும் மறக்கவில்லை. முதல் நாளே என் பக்கத்தில் வந்து நின்று, கைப்பையிலிருந்து தலை சீவும் பிரஷை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தாள். “இடது பக்கம் பாருங்கோ. இது பிஷப்பின்ர கோடைகால மாளிகை.”

“அது பண்டிப் பண்ணை. என்ர ஒன்றுவிட்ட தம்பியின்ரது,” என்றார் பின்னாலிருந்து காய். அவர் பெயரே அதுதான். எண்பது தாண்டிய மனிதரைக் காய் என்று கூப்பிட எனக்கு மனம் வரப் பல நாளானது. அவரும் ஒரு காலத்தில் பன்றி வளர்த்தவர், வாயில் பொய் வராது.

“இப்ப அப்பிடித்தான் பாவிக்கினம்,” என்றாள் இங்கர்.

என்னை அவள் சல்வத்தோரே என்று கூப்பிட்டாள். சிசிலியில் அவளுக்கு பஸ் ஓட்டியவனாம். இத்தாலிய மொழியில் ஏதாவது கேட்பாள். நான் தமிழில் “ஓம் ஓம், போவம்” என்பேன். எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் இங்கர் காட்டியதெல்லாம் பியூனில் உண்மையாகவே உள்ள இடங்கள் என்றுதான் நம்பினேன். கெர்ட்டமின்ட பக்கம் கிரேக்கக் கோயில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி, ரண்டர்ஸிலிருந்து வந்த அவளுடைய தம்பியையும் ஏற்றிக்கொண்டு காட்டப் போனேன். கூரை விழுந்து, செங்கல் தூண்கள் மட்டும் நின்ற கட்டடம். மச்சான் சுற்றிப் பார்த்தான்.

“அத்தான், இது மாட்டுக் கொட்டில்.”

“இப்ப அப்பிடித்தான் பாவிக்கினம்,” என்றேன். மனைவி போய்க் காருக்குள் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கோயிலடியில்தான் ஒவ்வொரு வியாழனும் இறங்கிக் கோப்பி குடிப்போம். தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கி புகைக்கும். எட்னா எரிமலை இன்றைக்கு அமைதியாக இருக்கிறது என்று இங்கர் அறிவிப்பாள். மூன்றாம் மாதம் காய் வைக்கோல் தொப்பியோடு வந்தார். அவ்வளவு பெரிய தூண்களை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்று கேட்டார். கேட்டது மாட்டுக் கொட்டிலைப் பற்றி.

திரும்பும்போது இங்கர் வாசலில் நின்று ஆட்களை எண்ணுவாள். ஒன்பது வந்தால்தான் பஸ் புறப்படும். தையில் அந்த ஒன்பது பேரில் எரிக் என்பவர் இறந்துபோனார். அடுத்த வியாழன் எண்ணிக்கை எட்டில் நின்றது.

“எரிக் செத்திட்டார், இங்கர்,” என்றார் காய்.

“செத்தா எனக்கு அறிவிச்சிருப்பினம். பட்டியலில பேர் இருக்கு.”

தூறல் வலுத்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் குளிரில் உதடு நீலம் பாரித்தது. அவள் வாசலை விட்டு அசையவில்லை. கெஞ்சினேன், சல்வத்தோரே இப்படிக் கதைப்பவன் இல்லை என்றாள். அப்போது காய் பின்பக்கம் போய், சக்கர நாற்காலி இறக்கும் லிப்டைக் கண்ணால் காட்டினார். நான் போய் அவரை இறக்கிவிட்டேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, பஸ்ஸைச் சுற்றி வந்து முன்வாசலால் ஏறினார்.

“ஒன்பது,” என்றாள் இங்கர். “அடுத்த முறை விட்டிட்டுப் போயிடுவன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றார் பொய் சொல்லாத காய்.

மாசியில் இன்னொருவர் போனார், பங்குனியில் இன்னொருவர். காய் நான்கு முறை ஏறினார். ஒருமுறை தனக்காக, மூன்று முறை இறந்தவர்களுக்காக. மூச்சு வாங்கும். நாற்காலியில் வைத்து இறக்குகிறேன் என்றால் கேட்கமாட்டார். “எரிக் நடந்து வாறவர்,” என்பார்.

நாங்கள் வரவரப் பிந்தி வந்ததால் ஒருநாள் லீஸ் தன் காரில் தேடி வந்துவிட்டாள். லிப்டில் காய் வியர்க்க வியர்க்கக் கீழே வந்துகொண்டிருந்த நேரம். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“என்ன நடக்குது இங்க?”

“ஆள் காணாது,” என்றேன்.

“எத்தினை பேர்?”

“மூண்டு.”

அவள் காயைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற இங்கரை. காயின் கையைப் பிடித்து, லிப்டாலேயே திருப்பி ஏற்றி, இருக்கையில் இருத்தினாள். பிறகு தானே இறங்கி, முன்வாசலால் ஏறினாள். ஏழு. லிப்டால் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி மறுபடி ஏறினாள். எட்டு. மூன்றாம் முறை ஏறும்போது அவளுடைய கண் சிவந்திருந்தது.

“ஒன்பது,” என்றாள் இங்கர். “போவம், சல்வத்தோரே.”

ஐப்பசியில் இங்கர் இறந்தாள். அடுத்த வியாழனும் நேரத்துக்கு வந்து முன்னிருக்கையில் இருந்தவர் காய்தான். ஓட்டு என்றார். ஓட்டினேன். பன்றிப் பண்ணையைத் தாண்டும்போது அவர், “பிஷப் வீட்டில இல்லைப் போல,” என்றார்.

அந்த இல்லத்தை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். கொட்டில் நின்ற நிலம் முழுக்க இப்போது சூரியத் தகடுகள். அந்த வழியாகப் போகும்போது காரை மெதுவாக்கிப் பார்ப்பேன். இங்கர் போனதோடு சிசிலி போயிற்று. இரண்டு வருஷம் கழித்துக் காயும் போனார். எந்த வயல் யாருடையது, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லாமல், அதற்குப் பிறகு பியூனும் போயிற்று.