இடது கை பின்னால்தான் இருந்தது

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டைத் தாண்டினால் சுடுகாடு. பிணம் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த வழியாக சைக்கிளில் வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் நான். காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இவனுக்கு ஏற்கெனவே அந்த மாதிரி பயம் இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நினைப்பீர்கள், பரவாயில்லை.

நான் அஞ்சாவதோடு நின்றவன். பொதட்டூர்பேட்டையில் தறி வேலைக்குப் போனேன், அங்கே இடது கை கட்டைவிரல் நுனி போய்விட்டது. நகமே கிடையாது, மொட்டையாக இருக்கும். பிறகு டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டேன். இப்போது டிவியை யார் ரிப்பேருக்குக் கொடுக்கிறார்கள்? என் அக்கா வீட்டுக்காரர், பாவா என்று கூப்பிடுவேன், திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் கேம்ஸ் கடை வைத்திருக்கிறார். சென்னையில் மூடிய ஒரு கடையிலிருந்து வாங்கிவந்த பழைய மெஷின்கள். பீரோ உயரத்துக்கு மரப்பெட்டி, நடுவில் டிவி மாதிரி திரை, கீழே காசு போடுகிற இரும்புக் கதவு. செல்போனிலேயே விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது அதிசயமாக இருக்கிறது. அதை ஓட வைப்பது என் வேலை.

அதில் முக்கியம் வோல்ட்தான். உள்ளே இருக்கிற போர்டுக்கு அஞ்சு வோல்ட் போக வேண்டும். குறைந்தால் படம் உடையும், கூடினால் போர்டு வெந்துவிடும், அந்த போர்டு இனி தேடினாலும் கிடைக்காது. கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற சப்ளை பெட்டியில் அஞ்சு இருந்தாலும் பழைய ஒயரில் வருகிற வழியிலேயே கொஞ்சம் குறைந்துவிடும். அதனால் மீட்டர் ஒயரை போர்டு ஓரத்திலேயே கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மெஷின் ஓடும்போதே சப்ளையில் இருக்கிற சின்னத் திருகை வலது கையால் திருப்புவேன். சரியான இடம் வந்ததும் திருகு நகராமல் இருக்க ஒரு சொட்டு நகப்பாலிஷ். இவ்வளவு நேரமும் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒரு கை இதிலும் இன்னொரு கை அதிலும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், அதற்காக. டிவி ரிப்பேர் பார்த்த காலத்துப் பழக்கம், தானாகவே கை பின்னால் போய்விடும்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம். ரோட்டில் காவடிக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் பாவாவும் மட்டும் உள்ளே இருந்தோம். ஒரு மெஷின் மட்டும் தகராறு, ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பாவா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா மச்சான், நாளைக்கு முருகனே மலையிலேர்ந்து எறங்கி வந்தாத்தான் இது ஓடுமா?"

"வோல்ட்டு கம்மியா கீது பாவா. அஞ்சு நிமிசம்."

"காலைல புடிச்சி அந்த அஞ்சு நிமிசத்துலயேதான் கீற நீ."

நான் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்றிருந்தேன். பின்னால் மடக்கிய இடது கை சுவரில் உரசுகிற அளவுக்குத்தான் இடம். மீட்டர் நாலே முக்காலில் இருந்தது. மெதுவாகத் திருப்பினேன், ஏறிக்கொண்டே வந்தது, அஞ்சைத் தொடுகிற நேரத்தில் பாவாவின் பேச்சு பாதியில் நின்றுபோனது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு, காசு போடுகிற இரும்புக் கதவில் கையை வைத்தபடி நிற்கிறார். கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, கண் மேலே செருகிவிட்டது. எலி கடித்த ஒயர் அந்த இரும்பில் பட்டுக்கொண்டிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

பிளக் என் இடது பக்கம், கை நீட்டினால் எட்டும். இடது கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

மரத்துப்போச்சு என்று சொல்வீர்கள், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. வலிக்கிற பிடி கிடையாது. கூட்டத்தில் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி. எனக்குப் பின்னால் சுவர், ஆள் நிற்க இடமே இல்லை. திமிறினேன், வலது கையை நீட்டலாம் என்றால் உடம்பு திரும்பவில்லை, கத்தக்கூட வரவில்லை. மெஷினில் பாட்டு ஓடுகிறது, வெளியே அரோகரா போடுகிறார்கள், எதிரில் அக்கா புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது பாவாவின் சட்டைக் காலர் மட்டும் கழுத்துக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு எழும்பியது. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். அப்படியே பின்பக்கமாகத் தரையில் விழுந்தார். என் கையைப் பிடித்திருந்த பிடியும் விட்டது. பிளக்கைப் பிடுங்கினேன்.

விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை காதர் பாய் ஓடிவந்தார், அவர்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள், விரல்தான் வெந்திருந்தது. சாயங்காலம் அக்கா வந்ததும் பாவா சொன்ன முதல் வார்த்தை, "உன் தம்பி இல்லன்னா நான் இல்ல. கண்ணு இருட்டிகினு வருது, பின்னாடி வந்து காலரைப் புடிச்சி ஒரே இழுப்பு."

"நான் இழுக்கல பாவா. எனக்குக் கையே வரல," என்றேன்.

அக்கா அழுகையிலேயே சிரித்தாள். "கல்யாணத்துல போட்டோவுக்குக் கூப்ட்டா மாடில போய் ஒளிஞ்சிக்கறவன், இத ஒத்துக்கவா போறான்?"

"ஆங்னு ஒரு வார்த்த சொல்லேம்பா, காசா பணமா," என்றார் காதர் பாய்.

அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்தேன். யாரோ என் கையைப் பிடித்திருந்தார்கள் என்றேன். சொல்லச் சொல்ல, பாவம் எவ்வளவு அடக்கம் என்றார்கள். கடைவீதியில் என்னை நிறுத்திக் கும்பிடுகிறார்கள், நான் பின் சந்து வழியாக வர ஆரம்பித்தேன். என்னை யாராவது நம்பியிருந்தால் அதோடு விட்டிருப்பேன், உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாவா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அக்கா அந்தச் சட்டையோடு வந்தாள். "டேய், உன் நகப்பாலிஷ பாவா சட்டைல அப்பி வெச்சிக்கீற. எத்தினி தபா தொவைச்சாலும் போவல."

காலரின் உள்பக்கம் சிவப்பாக நாலு விரல். வெளிப்பக்கம் ஒரு கட்டைவிரல். குட்டையாக, மொட்டையாக.

"இது என்னுதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஊர்ல வேற யாருக்குடா கீது இந்த வெரலு?"

அவள் போனதும் என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. நகப்பாலிஷ் அன்று காலையில்தான் வளையல் கடையில் புதிதாக வாங்கியது. திருகுக்கு வைப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. என் சட்டைப் பையில் போட்டது, அந்தச் சட்டையோடு அப்படியே வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூடி மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை.

அவரை இழுத்தது என் கை என்றால், அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது எது? எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அந்தப் பிடி என் மணிக்கட்டில் தெரிந்ததே, விரல் விரலாக.

மெஷின் எல்லாம் ஓடுகிறது. ஒயரை மாற்றிவிட்டேன். வோல்ட் இன்னும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் இடது கையைப் பின்னால் வைப்பதில்லை. பெட்டி மேல், லைட் வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். அது தப்பான முறை, உயிருக்கே ஆபத்து, எனக்குத் தெரியும். "கைய பின்னாடி வெய் மச்சான்," என்று இப்போது பாவாதான் எனக்குச் சொல்கிறார். ஆங் என்கிறேன். மீட்டரை ஒரு தடவை பார்த்தால் கையை ரெண்டு தடவை பார்க்கிறேன்.