தூசி துடைத்த கூரை

வேல்ராஜ் இப்போதெல்லாம் ஜன்னல் மட்டும்தான் செய்கிறான். கூரை வேலை வந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். முதலாளி ஜீவானந்தம் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

குன்றத்தூரில் எங்கள் மாடல் கடை. அடுக்குமாடி, கம்பெனி ஷெட் எதுவானாலும் மேசைமேல் வைக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்து கொடுப்போம். நான் சசிகலா, மரம் செய்கிறவள். ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கம்பியில் ஒட்டினால் மரம். ஒரகடம் ரோட்டில் நிஜமாக நிற்பதைவிட அதிக மரங்களை ஒரு மாதத்தில் நட்டுவிடுவேன்.

ஜன்னலும் கூரையும் வேல்ராஜுடையவை. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டான். ஜன்னலுக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒட்டுவான், இல்லாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடுமாம். கூரைக்கு மெல்லிய தகட்டை அழுத்தி நெளி எடுத்து, செங்கல் தூளும் சாம்பலும் கலந்து பிரஷால் தேய்ப்பான். பளபளவென்று இருக்கிற எதையும் கண் நம்பாது என்பான்.

எங்களிடம் வருமுன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். மழைக்காலத்தில் ஷெட் கூரைமேல் ஏறி அடைப்பு எடுப்பது அவர்கள் தலையில்தான் விழும். சிமெண்ட் ஷீட்டுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டுகள் உண்டு. கால் வைத்தால் தாங்காது. சில வருஷத்தில் தூசி படிந்து இரண்டும் ஒரே நிறமாகிவிடும். போல்ட் வரிசைமேலேயே நடந்தால் கீழே இரும்பு தாங்கும். அப்படித்தான் வேல்ராஜ் தப்பித்து வந்தான். வேலையை விட்டபோது தன் இடத்தில் பெரியப்பா மகன் கொம்பையாவைச் சேர்த்துவிட்டான். போல்ட் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டான். போன ஐப்பசியில் கொம்பையா ஃபைபரை மிதித்து மெஷின்மேல் விழுந்து செத்துப்போனார்.

விசாரணை வைத்தார்கள். அவருடைய கவனக்குறைவு என்றது கம்பெனி. பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிற மனுஷன், அப்படி எழுத விடமாட்டேன் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் மனைவி உலகம்மாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கவனக்குறைவு என்று காட்ட கம்பெனிக்கு ஷெட்டின் மாடல் தேவைப்பட்டது. ஆர்டர் எங்களிடமே வந்தது. கூரையை வேல்ராஜ் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அஞ்சு நாள் தேய்த்தான். எது சிமெண்ட், எது ஃபைபர் என்று குனிந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவன் செய்ததிலேயே நல்ல கூரை அதுதான்.

ஜீவானந்தம் கம்பெனி கொடுத்த போட்டோவை மேசையில் போட்டார். ஷெட் திறந்த அன்று எடுத்தது.

"இன்னாபா இது, குப்பமேடு மாறி கீது? போட்டோல இருக்குற மாறி தொடச்சுக் குடு."

"இதுதாண்ணே நெசம். நான் ஏறுன கூரை."

"நீ ஏறுனத யாருபா கேட்டா? அவங்க ஆர்டர் போச்சுன்னா இங்க பாதிப் பேரு வூட்டுக்குப் போவணும்."

அந்தப் பாதியில் நானும் உண்டு. வேல்ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பசையைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு ஈரப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு ஷீட்டாகத் துடைத்தான்.

விசாரணை அன்று மாடலோடு நானும் போனேன். வண்டி குலுங்கினால் என் மரங்கள் சாய்ந்துவிடும். ஷெட்டைச் சுற்றி எட்டு மரம் வைத்திருந்தேன், நிஜத்தில் அங்கே ஒன்றுகூடக் கிடையாது. ஊரிலிருந்து வந்த உலகம்மாளுக்குத் துணை வேல்ராஜ்தான். கூரையைச் செய்தது தான்தான் என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

கம்பெனி வக்கீல் மாடலுக்குள் சின்ன பல்பைப் போட்டார். ஃபைபர் ஷீட்டுகள் பளிச்சென்று எரிந்தன. உலகம்மாள் கிட்டே போய்க் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு ஷீட்டை விரலால் தொட்டாள்.

"இவ்வளவு தெளிவாத் தெரியுதே தம்பி. பாத்து மிதிச்சிருக்கக் கூடாதா உங்க அண்ணன்?"

"மைனி..." என்று ஆரம்பித்தான் வேல்ராஜ். எதிரே கம்பெனி ஆட்கள். வேண்டாம் என்று நான்தான் தலையசைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

கவனக்குறைவு என்று எழுதியிருந்த தாளில், காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அவரு எப்பவுமே அவசரக்காரருதான்."