சிவப்புத் துணி கட்டிய சாக்கு

சும்மா சோறு போடுகிறவனை நம்பாதே என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான், பெல்மதுளையில் ஒரு வீடு இருக்கிறது, தம்பியைப் போல ஆறு பேர் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர் கூடவே தங்குகிறார்கள் என்று கிளினிக் டாக்டர் சொன்னபோது, "அவங்களுக்கு இதுல என்னங்க லாபம்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது. புத்தி ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. பேச்சும் கொஞ்சம்தான். வலிப்பு வேறு. அம்மா இருந்தவரை அவனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மாவும் நானும் பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்துக்குச் சுமந்து போவது அவன் வேலை. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் கொழுந்துச் சாக்கில் ஒரு நிறத் துணியைக் கட்டி வைக்கும். எங்களுக்குச் சிவப்பு. "நம்ம சாக்கு மாறிடக் கூடாது, பாத்துக்க" என்று அம்மா தினமும் சொல்வாள். அவன் சாக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வான். கணக்கப்பிள்ளை வந்து அதட்டினாலும் எழும்ப மாட்டான்.

அம்மா செத்த பிறகு கங்காணி அவனை மலைக்கு விடவில்லை. "வலிப்பு வந்து தண்ணிக் கானுக்குள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். கேட்டதில் பிழையில்லை.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராக் கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி அடித்து, அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். பகலில் வந்து சோறு கொடுத்துவிட்டுத் திரும்பவும் பூட்டுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். கடைசியில் அந்தப் பூட்டிய கதவுக்குள்ளேதான் வலிப்பு வந்து அடுப்புக்குள் விழுந்தான். தணல் இருந்திருக்கிறது. வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் டாக்டர் அந்தப் பெல்மதுளை வீட்டின் பேச்சை எடுத்தார்.

லயத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "கிட்னியக் கழட்டிடுவாங்க" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "மாணிக்கக்கல் தோண்டுற குழியில எறக்கிடுவாங்க" என்றார் இன்னொருவர். மடங்கிய விரலோடு குழிக்குள் எதை வெட்டப் போகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் புருஷன் மட்டும், "ஊரையெல்லாம் சந்தேகப்படுறியே, பூட்டுச் சாவி யாரு இடுப்புல தொங்குது?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வீட்டைப் பார்க்கப் போனேன். நடத்துகிறவர் ஒரு சிங்கள அம்மா, எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். "பாருங்க தங்கச்சி, எல்லாம் பாருங்க" என்று உடைந்த தமிழில் சொன்னார். பார்க்காமல் விடுவேனா? சோற்றுப்பானை மூடியைத் திறந்தேன், மெத்தையைப் புரட்டினேன், கக்கூசுக்குள் எட்டிப் பார்த்தேன். முக்கியமாக ஒவ்வொரு கதவிலும் கொண்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒன்றும் இல்லை. கள்ளனுக்குத்தானே கள்ளப் புத்தி தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை. நான் வருகிறேன் என்று கழற்றி வைத்திருக்கலாம் அல்லவா?

மூன்று மாதம் இருக்கட்டும், பிடித்தால் காகிதத்தில் கையெழுத்து, பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பேச்சு. விடுவதற்கு முந்தின நாள் அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, அவனுடைய சட்டை, இடுப்புச் சாரம், துவாய் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். உடுப்பைத் திருடுகிறவர்கள் ஆளையும் விட்டுவைக்க மாட்டார்கள், துண்டைப் பார்த்தால் களவு தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

முதல் இரண்டு மாதமும் சொல்லி வைத்த நாளில் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துத் தொரை வருகிறார் என்றால் எங்கள் லயத்துக்கும்தான் சுண்ணாம்பு அடிப்பார்கள். தம்பி கொஞ்சம் மெலிந்திருந்தான். கேட்டால், நடக்கிறான், தோட்டம் கொத்துகிறான் என்றார்கள். வேலை வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் மாதம் யாருக்கும் சொல்லாமல் சனிக்கிழமை பஸ் ஏறினேன். அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன். அவன் உடுப்பை அள்ளிப் போட ஒரு வெறும் பையும் கையில் இருந்தது.

வாசலில் நெட்டையாக ஒருவர் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அங்கே இருக்கிற ஆறு பேரில் ஒருவர். அவர் சாரத்தின் ஓரத்தில் சிவப்புத் துண்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஹொரா!" என்று கத்தினேன். கள்ளன் என்று சிங்களத்தில் சொன்னால்தானே உறைக்கும். அந்த மனுஷன் தேங்காய்ப் பாதியைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டார். மிஸ் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துப் பின்பக்கம் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கொடி முழுக்கச் சிவப்பு. சட்டைகள், துவாய்கள், ஒரு பொம்பிளைக் கவுன், தலையணை உறைகள், எல்லாவற்றிலும் முடிச்சுப் போட்ட சிவப்புத் துண்டு. மிஸ்ஸின் குடைக் கைப்பிடியில்கூட ஒன்று தொங்கியது. அப்போதும் என் புத்தி நேரே போகவில்லை. மடுவத்தில் அடுத்தவள் சாக்கில் தன் துணியைக் கட்டிக் கொழுந்து திருடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். களவை மறைக்க எல்லாவற்றிலும் கட்டி, என் அடையாளத்தை வைத்தே என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"இந்த மாசம் தம்பிதான் கட்டினது" என்றார் மிஸ். "என்னோட செவப்புப் பாவாடை கேட்டு வாங்கிக் கிழிச்சது. யாராவது அவுத்தா, சாப்பிட மாட்டான்."

தம்பி கத்தரிப் பாத்தியிலிருந்து மண் கையோடு வந்தான். காலில் செருப்பு இருந்தது. லயத்தில் அவனுக்குச் செருப்பே கிடையாது. பூட்டிய காம்பராவுக்குள் எதற்கு என்று நான் வாங்கவில்லை.

"ஏன்டா எல்லாத்துலயும் கட்டின?"

"நம்ம சாக்கு, அக்கா" என்றான். "மாறிடக் கூடாது."

அந்த நெட்டை மனிதர் இன்னும் விம்மிக்கொண்டிருந்தார். தம்பி போய் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தான். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அதில் சிவப்பு இல்லை.

"இது யாரு பை?"

"என்னோடதுதான்டா."

அவன் பையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த வீட்டுப் பானை மூடியைத் திறந்து நான் பார்த்த பார்வை அது.

"பூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டான்.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவனுக்கு அது விளங்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"பூட்ட மாட்டேன்" என்றேன். "நீ இங்கயே இரு. நான் வந்து வந்து பாக்குறேன்."

அவன் உடனே நம்பிவிடவில்லை. பையை வாங்கி உள்ளே திறந்து பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு சிவப்புத் துண்டோடு வந்து, மடங்கிய விரலால் ஒரு முனையை அழுத்தி, மறுமுனையைப் பல்லால் கடித்து, என் வெறும் பையின் காதில் கட்டினான். கட்டிய பிறகும் முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.