பூண்டு வாசம் வந்த ஆயுத பூசை

நம்ம பட்டறையில் நெருப்புப் பற்றவைக்கும் முன்னால் உங்க அம்மா உள்ளே வந்து நின்று, மூக்கால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைப்பாள். அப்புறம்தான் நான் தீக்குச்சியை எடுப்பேன். நடக்கத் தொடங்கின காலத்திலிருந்து நீங்கள் இதைப் பார்க்கிறீர்கள். ஏன் என்று பெரியவன் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன். சொல்லக் கூச்சம். வாயில் வராததைக் காகிதத்திலாவது எழுதிவைக்கிறேன். என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வாசனை தெரியாது. மல்லிகைப்பூவும் தெரியாது, மாட்டுச் சாணியும் தெரியாது. நிவித்திகலப் பக்கம் ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த வருஷம் நானும் படுத்தேன். உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. நாற்றம் பிடித்த ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவனுக்கு இப்படி ஆகியிருந்தால் அவன் சந்தோஷத்தில் சாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்தியிருப்பான். என் தொழில் வெல்டிங். அதில்தான் வந்தது வினை.

அந்தக் காலத்தில் வாயுவை நாங்களே உண்டாக்கிக்கொள்வோம். தண்ணீர் நிறைத்த ஒரு பீப்பாய், அதற்குள் கவிழ்த்துவைத்த இன்னொரு பீப்பாய். பக்கத்துப் பெட்டியில் காபைட் கல்லைப் போட்டு, திருகைத் திறந்து தண்ணீரைச் சொட்ட விட்டால், கல் பொங்கி வாயு கிளம்பும். கவிழ்த்த பீப்பாய் மெல்ல மேலே எழும்பும். அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாகச் சுடருக்குப் போகும். இரும்பை உருக்கும் அதே வாயு, மூடின கொட்டகைக்குள் தேங்கி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் கொட்டகையையே தூக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. நசுக்கின பூண்டு மாதிரி நாறும், அந்த நாற்றம்தான் காட்டிக்கொடுக்கும். குழாய் மூட்டில் கசிகிறதா என்று பார்க்கச் சவுக்காரத் தண்ணீர் போதும். தடவினால் கசிகிற இடத்தில் நுரை முட்டை விடும். ஆனால் கசிந்து வந்து தேங்கினதைச் சவுக்காரம் காட்டாது. அதற்கு மூக்குதான் வேண்டும்.

என் மூக்கு செத்தது உங்க அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வருவாள். விளக்குமாறைத் தேடுவாள், கோழி உள்ளே புகுந்துவிட்டது என்பாள். மோந்து பார்த்துவிட்டு, சரியென்றால் ஒன்றும் பேசாமல் போவாள். சரியில்லையென்றால் இருமுவாள். மூக்கில்லாத வெல்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அப்போதுதான் மேல் தோட்டத்துத் தேயிலைப் பாக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா, பாக்டரியில் உடைகிற சாமான்களை இனிக் கொழும்புக்கு அனுப்பாமல் என்னையே பாக்டரிக்கு வரவழைத்து ஒட்டவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நிரந்தர வேலை. அவரை ஆயுத பூசைக்குக் கூப்பிட்டிருந்தேன். கும்பிடுகிறது எங்கள் கோயிலில், ஆனாலும் வந்து எட்ட நிற்கிறேன் என்றார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்.

பூசைக்கு முதல்நாள் சாயந்தரம் நான் ஒரு லொறிச் சட்டத்தை ஒட்டி முடித்துவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தேன். வழக்கமாகக் குளிக்கும் முன்னால் பெட்டியைக் கழற்றி, மிச்சக் கல்லையும் சேற்றையும் தூரத்துக் குழியில் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. அன்று குளித்துவிட்டு வந்து செய்யலாமென்று இருந்துவிட்டேன். நான் திரும்பி வருவதற்குள் உங்க பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பூசைக்கென்று வந்து இறங்கியிருந்தார். சுத்தியல், குறடு, ஆக்சிஜன் சிலிண்டர், பீப்பாய் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, வரிசையாக வைத்துவிட்டார். பெட்டியை மட்டும் கழுவிவிடுகிறேன் என்று கேட்டேன். பொட்டு வைத்த ஆயுதத்தில் சூடம் காட்டுகிற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கொஞ்சக் கல்தான் கிடக்கிறது, தானே பொங்கி அடங்கிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். மழை தூறினதால் அவரே தகரக் கதவையும் பலகை ஜன்னலையும் இறுக்கிச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

உங்க அம்மா அன்று கொட்டகைப் பக்கமே வரவில்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் தூரமாகிப் பின்பக்கத்து ஓலைக் குடிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பூசைச் சாமானைப் பார்ப்பதே ஆகாது என்று அவள் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சமையலுக்கு மாமா பெண்சாதி, உங்க பெரிய அத்தை.

விடிந்து நல்ல நேரத்துக்கு ஆட்கள் வந்தார்கள். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற லயத்துப் பெரிய கங்காணி, கோயில் பூசாரி, அக்கம்பக்கத்தார். டீமேக்கர் ஐயா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். அத்தை கொட்டகையின் பக்கச் சுவரோரம் கல் கூட்டிப் பொங்கல் பானையை ஏற்றியிருந்தாள். மாமா புகைகிற சுருட்டோடு நின்று எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். பூசாரி தட்டில் சூடத்தை அடுக்கி, இனிக் கதவைத் திறக்கலாமா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் பெரிய கங்காணி முகத்தைச் சுளித்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பூசைப் பொங்கல்ல பூண்டு போடுற வீட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அத்தைக்கு வந்ததே கோபம். "விரதம் புடிச்சதுலேர்ந்து இந்தக் கை பூண்டத் தொடல. பூண்டு ஒங்க மீசைக்குள்ள இருக்கும், தேடிப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் ரெண்டு பேர் ஆமாம், பூண்டு வாசம்தான் வருகிறது என்றார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. பூண்டு உரிக்காத வீட்டில் பூண்டு வாசம் எங்கிருந்து வரும்? ஆனால் உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தாளிப்பாக இருந்தால்? பூசையை நிறுத்தி, நல்ல நேரத்தைக் கெடுத்து, டீமேக்கர் முன்னால் கோமாளியாக நிற்க வேண்டியதுதான். அங்கே வீசுவது காபைட் வாயுவா, பூண்டுதானா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் பின்னால் குடிசையில் இருக்கிறாள், வரக்கூடாது.

பூசாரி சூடத்தைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தட்டினார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுங்க. நெருப்பு வேணாம்."

நல்ல நேரம் போகிறது என்று மாமா அதட்டினார். ஏன் என்று கேட்டார். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. பொய் ஒன்று நாக்கு நுனியில் வந்தது. அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சூடமும் பற்றிவிடும். "எனக்கு மோப்பம் இல்ல மச்சான்" என்றேன். "காய்ச்சலுக்கு அப்புறம் ஒன்னும் தெரியல. வாயு நிக்குதா இல்லையான்னு ஒங்க தங்கச்சிதான் மோந்து பாத்துச் சொல்லும்."

கங்காணி, "பொம்பள மூக்குல பொழைக்கிற ஆம்பளயா நீ" என்று கேட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. இவ்வளவு நாளாகப் பட்டறை நடத்தினது நீயா அவளா என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகக் கூப்பிட்டேன்.

உங்க அம்மா வந்தாள். எண்ணெய் வைக்காத தலை, பழைய சேலை, ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை ஆம்பளைகளைக் கடந்து வந்து, மூடின கதவுக்கு ரெண்டு எட்டு தள்ளி நின்று மூச்சை இழுத்தாள்.

"இது பூண்டு இல்லைங்க. கல்லுதான். நெறைய நிக்கிது. மொதல்ல அடுப்ப அணைங்க."

அப்புறம் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொங்கல் அடுப்பில் குடத்துத் தண்ணீரைக் கொட்டினேன். பூசை நாளில் பொங்குகிற பானைக்கடியில் தண்ணீர் ஊற்றினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தை வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமாவின் சுருட்டைப் பிடுங்கி ஈரத்தில் போட்டு மிதித்தேன். ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடச் சொன்னேன். போனார்கள். சிலர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூசாரி, தீட்டுப்பட்ட இடத்தில் இந்த வருஷம் தன்னால் பூசை வைக்க முடியாது என்று தட்டை மடக்கிக்கொண்டார்.

மாமா மட்டும் திரும்பி வந்தார். ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து, உங்க அம்மா நின்ற இடத்தில் தெளித்தார். அவள் இன்னும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. பாதத்தில் தெறித்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு அந்தச் செம்பு கண்ணில் நிற்கிறது.

நீண்ட மூங்கிலால் கொண்டியை மெதுவாகத் தள்ளிக் கதவைத் திறந்தேன், இரும்பு உரசிப் பொறி வந்துவிடக் கூடாதென்று தண்ணீர் தெளித்துத் தெளித்து. ஜன்னல் பலகையையும் அப்படியே. காற்று உள்ளே புகுந்து வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் முற்றத்தில் நின்றோம். அவள் நடுநடுவே போய் மோந்து பார்த்தாள். இன்னும் இருக்குங்க, இன்னும் இருக்குங்க என்றாள். கடைசியில் இப்ப போகலாம் என்றாள். உள்ளே போய் மாலையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். தண்ணீர்த் திருகு முழுக்க மூடாமல் சொட்டிச் சொட்டி விட்டிருந்தது. கல் கரைந்து சேறாகியிருந்தது. பீப்பாய் நிறைந்து, மிஞ்சின வாயு ஓரத்துத் தண்ணீர் வழியாகக் குமிழி விட்டுக் கொட்டகையை நிறைத்திருக்கிறது. எல்லாவற்றையும் குழியில் கொட்டி, கழுவி, குழாய் மூட்டெல்லாம் சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். அங்கே நுரை எழும்பவில்லை. திருகுதான் காரணம், பொட்டு வைத்த திருகு.

டீமேக்கர் ஐயா அவ்வளவு நேரமும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு நாலு வீடு தப்பியது என்றார். அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பாக்டரிக்குள்ள ஒங்க சம்சாரத்தக் கூட்டிட்டு வர முடியாதேப்பா" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. நிரந்தர வேலை அதோடு போயிற்று. தங்கச்சி மூக்கில் பிழைக்கிறவன் வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று மாமா நெடுநாள் வரவில்லை. கங்காணி புண்ணியத்தில் எனக்கு மேல் தோட்டத்திலிருந்து கீழ்க் கடைத்தெரு வரைக்கும் 'மூக்கில்லாத வெல்டர்' என்று பேர். சிங்களக் கடைக்காரர்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் பீடி கொடுப்பார். லொறிக்காரர்கள் இரத்தினபுரிக்கே போய் ஒட்டிக்கொண்டார்கள். நான் கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள் பாக்டரியைக் காவல் காக்கிற வாட்சர் மாட்டுவண்டியில் ஒரு உடைந்த இரும்புக் கையைக் கொண்டு வந்தான். தேயிலையை உருட்டுகிற டீ ரோலரின் கை. எதிரே கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். வண்டியில் நின்றபடியே கத்தினான்: "ஐயா சொல்லிவுட்டாரு. அக்கா மோந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் பத்தவைக்கணுமாம். என்னய நின்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாரு."

கடையில் ஒருவன் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தான். நான் வீட்டுக்குள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. வெயிலில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இந்தா புள்ள, வந்து மோந்து பாரு" என்றேன். முகமெல்லாம் எரிந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், பெட்டியருகே ஒரு தடவை, பீப்பாயருகே ஒரு தடவை, ஜன்னலோரம் ஒரு தடவை என்று நிதானமாக மோந்தாள். அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையே இல்லை, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாட்சர் மாட்டை அவிழ்த்துவிட்டான். நான் பற்றவைக்காத தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, கடையில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, அவள் சொல்லட்டும் என்று வாசலில் நின்றேன்.